கோதுமை வயலில் ஒரு பச்சைச் சதுரம்

ரோமானியர் காலத்துப் பண்ணையைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. 'என் அக்கா மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கோதுமை வயலை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறான். வயல் மொத்தமும் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கிறது. நடுவில் மட்டும் கோடு இழுத்தது போல ஒரு பச்சைச் சதுரம். அடியில் ரோமானியர் காலத்துப் பண்ணை இருக்கிறது, தோண்டப் போகிறார்கள் என்கிறான். பயிரைப் பார்த்து அதை எப்படிச் சொல்கிறார்கள்? உள்ளே புதையல் இருக்குமா? நிலத்துக்காரருக்கு நிலம் போய்விடுமா?'

பத்து வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். மூன்று கேள்விகளில் முதலாவதற்கு, விவசாயியாக இருந்தால் பாதி விடை உங்களுக்கே தெரியும்.

பயிர் காட்டிக்கொடுக்கும்

பழைய கிணற்றையோ குப்பைக்குழியையோ மூடிய இடத்தில் பயிர் வைத்துப் பாருங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம் வித்தியாசமே தெரியாது. வறட்சி வந்தால் அந்த இடம் மட்டும் ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாகப் பச்சை பிடித்து நிற்கும். மற்ற இடத்தில் ஒரு சாண் மண்ணுக்கு அடியில் பாறையோ சரளையோ இருக்கும். குழி இருந்த இடத்திலோ ஆள் ஆழத்துக்கு மண்ணும் மக்கும் இருப்பதால் வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். அடியில் கல் சுவர் புதைந்திருந்தால் இதற்கு நேர்மாறு. அதன் மேல் நிற்கும் பயிர்தான் முதலில் வாடும்.

இங்கிலாந்தில் இந்தக் கோடுகளை விமானத்திலிருந்து முறையாகப் படம் பிடிக்கத் தொடங்கியது 1920களில். முதல் உலகப் போரில் விமானத்தில் பறந்து எதிரி நிலைகளைக் கவனித்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு என்பவர்தான் அங்கே இதற்கு முன்னோடி. அதன் பிறகு கடும் வறட்சி வந்த ஒவ்வொரு கோடையும் தொல்லியல்காரர்களுக்கு அறுவடைக் காலம். 1976 அப்படி ஒரு வருஷம், 2018 இன்னொன்று. விவசாயிக்குப் பயிர் கருகுகிறது. மேலே விமானத்தில் போகிறவருக்கு வயலெல்லாம் எழுத்தாகத் தெரிகிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலான ஏற்பாடுதான்.

அக்கா மகன் அனுப்பிய பச்சைச் சதுரம் ஓர் அகழி. கோட்டையைச் சுற்றி வெட்டுகிற அகழி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு குடும்பம் தன் வீடு, களம், தொழுவம் எல்லாவற்றையும் சுற்றி வெட்டிய பள்ளம். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே கரையாகப் போட்டு, பல இடங்களில் அதன் மேல் வேலியும் வைத்தார்கள். கொங்குப் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே சாளை போட்டு, சுற்றிலும் கிளுவை வேலி அடைத்து வாழ்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. மாடு வெளியே போகக் கூடாது, ஓநாயும் திருடனும் உள்ளே வரக் கூடாது, மழைத்தண்ணீர் வடிய வேண்டும், இது எங்கள் இடம் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு வேலையையும் ஒரே பள்ளம் செய்தது.

ரோமானியர் கி.பி. 43இல் பிரிட்டனைப் பிடித்தார்கள், கி.பி. 410 வாக்கில் அவர்கள் ஆட்சி முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினாலே பளிங்குத் தரை போட்ட மாளிகைகளையும் நகரங்களையும் குளியல் கூடங்களையும்தான் நெடுநாள் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1990க்குப் பிறகு நிலைமை மாறியது. சாலையோ வீட்டுமனையோ போடுகிற நிறுவனமே முதலில் அந்த இடத்தைத் தொல்லியல்காரர்களை வைத்து ஆராய்ந்து, அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. சாலை போடுகிறவர்கள் மாளிகை எங்கே என்று பார்த்தா போடுகிறார்கள்? போகிற வழியில் என்ன இருக்கிறதோ அதைத் தோண்டினார்கள். வெளியே வந்தவை பெரும்பாலும் சாதாரணப் பண்ணைகள். ரெடிங் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு, இப்படித் தோண்டிய சுமார் 2,500 கிராமப்புறக் குடியிருப்புகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2016 முதல் 2018 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. மாளிகைகள் அதில் சிறுபான்மைதான். நாட்டுக்குச் சோறு போட்டவர்கள் அகழிக்குள் வாழ்ந்த இந்தக் குடும்பங்கள்.

தூர்வாரிய கணக்கு

தோண்டுவது என்றால் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்குவதில்லை. முதலில் மேல்மண்ணை மட்டும் இயந்திரத்தால் வழிப்பார்கள். பல் இல்லாத, விளிம்பு தட்டையான வாளி மாட்டிய இயந்திரம் அது. பல் இருந்தால் அடிமண்ணைக் கீறிவிடும். மேல்மண் போனதும் வெளுத்த அடிமண்ணில் பழைய பள்ளங்கள் கறுப்பாக, தெளிவாகத் தெரியும். அதன் பிறகுதான் கைவேலை.

அகழி முழுவதையும் தோண்டமாட்டார்கள். இடைவெளி விட்டு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். வாசலுக்கு இரண்டு பக்கமும் அகழி முடிகிற முனைகளை மட்டும் விடவே மாட்டார்கள். உடைந்த சட்டியையும் எலும்பையும் சாம்பலையும் வாசல் ஓரமாகக் கொட்டுகிற பழக்கம் அன்றும் இருந்தது.

குறுக்கே வெட்டிய பள்ளத்தின் சுவரைப் பார்த்தால் மண் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் சரிந்து விழுந்த கல்லும் கட்டியும், அதன் மேல் மழை கொண்டுவந்த வண்டல், அதற்கு மேல் புல் முளைத்துக் கறுத்த மண். இது எவ்வளவு நாளில் நிரம்பியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1960இல் ஓவர்டன் டவுன் என்ற சுண்ணாம்பு மேட்டில் புதிதாக ஓர் அகழி வெட்டி, கரையும் போட்டார்கள். 2, 4, 8, 16, 32 என்று ஆண்டுகள் இரட்டிக்க இரட்டிக்கப் போய் வெட்டிப் பார்ப்பது, பிறகு 64ஆம் ஆண்டிலும் பார்ப்பது என்று திட்டம். தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்க இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். முதல் சில குளிர்காலங்களில்தான் பள்ளம் வேகமாகத் தூர்ந்தது. பிறகு புல் பிடித்து, கரை நின்று, மெல்ல மெல்ல ஆனது. வாய்க்கால் வெட்டிய முதல் மழைக்காலத்தில் எவ்வளவு சரிகிறது என்று பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே, பல தலைமுறை புழங்கிய பண்ணையில் அகழி அகழியாகவே இருக்க வேண்டுமென்றால் யாராவது அடிக்கடி தூர்வாரியிருக்க வேண்டும். வாரிய தடமும் மண்ணில் தெரிகிறது. பழைய வண்டலை வெட்டிக்கொண்டு புதிய பள்ளம் ஒன்று உள்ளே இறங்கியிருக்கும். அதுவும் தூர்ந்து, அதற்குள் இன்னொன்று. பள்ளிக்கூடப் பாடத்தில் பேரரசர் பெயர்கள் இருக்கும். இந்த மண் சுவரில் இருப்பது ஒரு குடும்பம் எத்தனை முறை மண்வெட்டி எடுத்தது என்ற கணக்கு. கடைசி அடுக்கில் தூர்வாரிய தடமே இருக்காது. வண்டல் தன் போக்கில் நிரம்பியிருக்கும்.

அகழிகளில் இன்னொன்றும் கிடைக்கிறது. பிறந்த சில நாள்களில் இறந்த குழந்தைகளைப் பொதுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் வீட்டை ஒட்டியோ அகழியிலோ புதைத்திருக்கிறார்கள். பண்ணைக்குப் பண்ணை இது காணக் கிடைக்கிறது. பெரியவர்களையும் சில நேரம் எல்லைப் பள்ளத்தின் ஓரத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். தோண்டுகிறவர்கள் அந்த இடத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சின்னக் கரண்டியும் தூரிகையும் எடுப்பார்கள்.

குழியில் வாழ்ந்த மனிதர்கள்?

இந்தப் பண்ணைகளுக்கு முன்னோடி, ரோமானியர் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய இரும்புக்கால அகழிப் பண்ணைகள். அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான குழிகள் இருக்கும். ஆள் ஆழத்துக்கு, அடி அகன்று, பானை வடிவத்தில். அந்தக் காலத்து மக்கள் இந்தக் குழிகளுக்குள்தான் குடியிருந்தார்கள் என்று ஆங்கிலேய அறிஞர்கள் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் ஈரத்தில் ஒரு குடும்பம் எப்படிப் படுத்து எழுந்திருக்கும் என்று ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திருத்தியவர் கெர்ஹார்ட் பெர்சு. ஜெர்மனியின் பெரிய தொல்லியலாளர். யூத வம்சாவளி என்பதால் நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இங்கிலாந்துக்கு வந்தவர் 1938, 1939ஆம் ஆண்டுகளில் சாலிஸ்பரி அருகே லிட்டில் உட்பரி என்ற இடத்தைத் தோண்டினார். குழிகளை மட்டும் பார்க்காமல் பரப்பாகத் திறந்தார். கம்பம் நட்ட சின்னச் சின்னக் குழிகள் வட்டமாக வரிசை கட்டி நின்றன. குறுக்களவு ஏறக்குறைய 15 மீட்டர் உள்ள பெரிய வட்டக் கூரை வீடு அது. மக்கள் அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். குழிகளில் இருந்தது தானியம். (போர் மூண்டதும் அதே இங்கிலாந்து, ஜெர்மானியர் என்று சொல்லி அவரை மேன் தீவில் அடைத்தது. அங்கேயும் சக கைதிகளை வைத்துக்கொண்டு அகழாய்வு செய்தார் மனுஷன்.)

குழியில் போட்ட தானியம் அந்த மழை நாட்டில் அழுகாதா? 1970களில் பீட்டர் ரெனால்ட்ஸ் என்பவர் பட்சர் என்ற இடத்தில் பழங்காலப் பண்ணை ஒன்றையே அமைத்து இதைச் செய்து பார்த்தார். குழி நிறையத் தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் மெழுகி, மேலே மண் போட்டு மூடினார். குழிச்சுவரை ஒட்டிய தானியம் மட்டும் ஈரம் பட்டு முளைக்கத் தொடங்கியது. முளைக்கிற தானியம் உள்ளே இருந்த பிராணவாயுவைத் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்பியது. அதோடு முளைப்பு நின்றது, மற்ற தானியம் உறங்கியது. வசந்தத்தில் திறந்தபோது ஓரத்தில் மட்டும் மெல்லிய அடுக்கு கெட்டிருந்தது. நடுவில் இருந்த தானியம் உண்ணவும் விதைக்கவும் உதவியது. காற்றுப் போகாத பையில் போட்டுக் கட்டி வைக்கச் சொல்லி இன்று நமக்குச் சொல்கிறார்களே, அதே தத்துவம். ஒரே ஒரு நிபந்தனை: திறந்தால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும். தினமும் இரண்டு படி எடுக்கிற குதிர் இல்லை அது.

வண்டு வந்த கதை

ரோமானியர் ஆட்சி வந்த பிறகு குழிகள் குறைந்து, தரைக்கு மேல் கட்டிய களஞ்சியங்கள் கூடின. காரணம் வரியும் வியாபாரமும். படைக்கும் நகரத்துக்கும் தானியம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடி வைக்கிற குழி அதற்கு ஒத்துவராது.

கூடவே ஒரு விருந்தாளியும் வந்தது. கோதுமைக் கூன்வண்டு. நம் வீட்டு அரிசிக் கூன்வண்டுக்கு உறவு. ஆனால் பறக்கத் தெரியாது. மனிதர் தானியத்தைச் சுமந்து போனால்தான் அதுவும் ஊர்விட்டு ஊர் போகும். ரோமானியருக்கு முந்தைய பிரிட்டன் மண்ணில் இந்த வண்டு அகப்படவில்லை. அவர்கள் வந்த சில ஆண்டுகளிலேயே லண்டனில் இருக்கிறது, சீக்கிரமே யார்க் நகரத்திலும் இருக்கிறது. தானியக் கப்பலில் வந்திருக்கிறது. ரம்பப்பல் வண்டும் அதன் கூட்டாளி. யார்க்கில் ஆற்றங்கரையோரம் ஒரு களஞ்சியம். அதன் அடியில் வண்டுகளின் ஓடுகள் அடர்ந்த அடுக்காகக் கிடந்தன. வண்டு தாங்காமல் கட்டிடத்தைப் பிரித்து, அந்த அடுக்கின் மேல் களிமண்ணைக் கொட்டி மூடி, மேலே புதிதாக ஒரு களஞ்சியம் கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பூச்சி ஒழிப்பு நடவடிக்கை.

அகழிப் பண்ணைகளில் தானியம் எப்படித் தெரிகிறது? கருகியதால். அடுப்பில், தீயில் பட்டுக் கரியான மணிகள் அழுகுவதில்லை. அகழியிலிருந்து மண்ணை வாளி வாளியாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் கரைப்பார்கள். மண் இறங்கும், கரி மிதக்கும். மிதப்பதை மெல்லிய சல்லடையில் பிடித்து உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியாகப் பிரிப்பார்கள். விதை நேர்த்திக்கு உப்புக் கரைசலில் நெல்லைப் போட்டுப் பதரை மிதக்கவிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் கிடைப்பது ஸ்பெல்ட் என்ற கோதுமை. நம்மூர்ச் சம்பா கோதுமைக்குப் பங்காளி. உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், லேசாக வறுத்துக் குத்தினால்தான் பிரியும். அந்த உமித் துணுக்கே குவியல் குவியலாகக் கருகிக் கிடைக்கிறது. பல பண்ணைகளில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கல்லில் கட்டிய சூட்டடுப்புகளும் இருக்கின்றன. தானியம் உலர்த்தவே கட்டியது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ரெனால்ட்ஸ் அதையும் கட்டி எரித்துப் பார்த்தார். உலர்த்துவது சரியாக நடக்கவில்லை. முளைகட்டிய தானியத்தைக் காயவைக்க நன்றாக உதவியது. முளைகட்டுவது எதற்கு? பீர் காய்ச்சத்தான். ஆக, கோதுமையில் ஒரு பங்கு கோப்பைக்குப் போயிருக்கிறது.

களை விதைகளும் கிடைக்கும். எனக்குத் தானியத்தைவிட அதில்தான் ஆர்வம். களை பொய் சொல்லாது. சாமந்தி இனத்தில் நாற்றமடிக்கிற ஒரு களை உண்டு. கனத்த களிமண்ணில்தான் செழிக்கும். ரோமானியர் காலத்து மாதிரிகளில் அந்த விதை கூடிக்கொண்டே போகிறது. எளிதாக உழக்கூடிய நிலம் போதாமல், ஈரக் களிமண் காடுகளையும் உழவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மாட்டு எலும்பும் முன்பைவிடப் பெரிதாகிறது. கனத்த மண்ணை உழக் கனத்த மாடு வேண்டும் அல்லவா?

எரு போட்டதும் தெரிகிறது. வீட்டுக் குப்பைக்குழியில் உடைந்த சட்டியும் சாணமும் சாம்பலும் ஒன்றாகக் கிடக்கும். மக்கியதும் வண்டியில் வயலுக்குப் போகும். சாணம் மண்ணாகிவிட்டது, சட்டித் துண்டு அப்படியே இருக்கிறது. வயலில் நடந்து, மேலே கிடக்கும் தேய்ந்த ஓட்டுச் சில்லுகளை எண்ணி, எந்த வயலுக்கு எருப் போனது, எதற்குப் போகவில்லை என்று வரைபடம் போடுகிறார்கள். பொதுவாக வீட்டுக்குப் பக்கத்து வயலுக்கு நிறைய, தூரத்து வயலுக்குக் குறைய. இதில் எந்தக் காலமும் எந்த நாடும் வேறில்லை போலிருக்கிறது.

விட்டன் என்ற ஒரு பண்ணை

தெற்கு வேல்ஸில் விட்டன் என்ற இடத்தை 1960களின் பின்பாதியில் தோண்டினார்கள். கரையும் அகழியும் சூழ்ந்த, ஏறக்குறைய சதுரமான மனை. கி.பி. 30 வாக்கில், அதாவது ரோமானியர் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, அங்கே ஒரு குடும்பம் மரத்தால் வட்ட வீடுகள் கட்டிக் குடியேறியது. ஆட்சி மாறியது, குடும்பம் அங்கேயேதான் இருந்தது. கம்பம் இற்றுப்போகப் போக வீட்டை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். இரண்டாம் நூற்றாண்டில் வட்ட மர வீடு போய், கல்லால் நீள்சதுரக் கட்டிடங்கள் முற்றத்தைச் சுற்றி எழுந்தன. கி.பி. 340 வாக்கில் மனை வெறிச்சோடியது. ஒரே வேலிக்குள் 300 ஆண்டு. நம் கணக்கில் பத்துப் பன்னிரண்டு தலைமுறை.

அந்தப் பண்ணை வளர்ந்தது என்று சொல்லலாம். எல்லாப் பண்ணையும் அப்படி இல்லை. பல இடங்களில் நாணயம் ஒன்றிரண்டுதான், பளபளப்பான சிவப்புச் சட்டி ஒன்றிரண்டு சில்லுதான். உழைப்பு கூடியது, விளைச்சல் கூடியது. கூடியது எங்கே போனது? டார்செட் மாவட்டத்தில் ரோமானியருக்கு முன்னும் பின்னும் வாழ்ந்தவர்களின் எலும்புகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ஆட்சி மாறிய பிறகு குழந்தைகளும் முதியவர்களும் இறக்கும் ஆபத்து கூடியதாகச் சொல்கிறது. அதே நாள்களில் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் மிளகு வாங்கிய கணக்கு ஒரு மரப்பலகையில் எழுதிக் கிடைத்திருக்கிறது. இரண்டு தினாரி வெள்ளிக்காசுக்கு மிளகு. நம் மேற்கு மலையில் விளைந்து, கடல் கடந்து போன மிளகு. கோட்டைக்கு அது போய்ச் சேர்ந்தது. அகழிக்குள் இருந்த குடும்பத்துக்கு எட்டிய வாசனைப் பொருள் என்றால் பெரும்பாலும் கொத்தமல்லி. ரோமானியர் காலத்தில் அங்கே பரவிய பயிர்களில் அதுவும் ஒன்று.

மற்ற இரண்டு கேள்விகள்

புதையல்? இப்படிப்பட்ட பண்ணையில் எதிர்பார்க்க வேண்டாம். கிடைப்பது ஓடு, எலும்பு, ஆணி, திரிகைக்கல், கருகிய கோதுமை. பொன், வெள்ளி கிடைத்தால் அங்கே 1996இல் வந்த புதையல் சட்டப்படி அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் வெகுமதி உண்டு, அதில் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. நமக்கும் சட்டம் இருக்கிறது, 1878இல் வந்தது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் பழைய பொருள் எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. கிணறு வெட்டும்போது தாழியோ காசோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு தாசில்தார் மூலமாவது சொல்லிவிடுங்கள். பொருளைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், இருந்த இடத்தை விட்டு எடுக்கவும் வேண்டாம்.

நிலம் போய்விடுமா? தோண்டுவதால் போகாது. மிக முக்கியமான சில இடங்களை அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்து, ஆழ உழுவதற்குக் கட்டுப்பாடு வைப்பதுண்டு. மற்றவற்றில் ஆண்டுதோறும் கலப்பை கொஞ்சம் கொஞ்சமாக அகழியின் மேல்பாகத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. கரை எல்லாம் எப்போதோ உழுது சமமாகிவிட்டது. விமானத்திலிருந்து தெரியும் அகழிகள் பலவற்றில் அடிப்பாதிதான் மிச்சம்.

அக்கா மகனிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: எதற்காகத் தோண்டுகிறார்கள்? கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்கு என்றால் முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள், அடுத்த பருவத்துக்குக் கோதுமை விதைக்கலாம். சாலைக்கோ வீட்டுமனைக்கோ என்றால் நிலம் முன்பே விலை பேசி முடிந்திருக்கும். அப்படியானால் அவன் படத்தில் இருக்கும் கோதுமைதான் அந்த வயலின் கடைசி வெள்ளாமை. அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.